என் சூம்பின நெஞ்சும் உன் சம்பளமும்

வா பேராண்டி, குந்து. மாரிகுப்பம் வண்டியை விட்டு எறங்கி ஒரு வாய் காபி குடிக்கறதுக்குள்ள லேப்டாப்பைத் தொறந்து, நம்ம வம்சத்தையே கட்டம் கட்டமா வரைஞ்சு காட்டினியே, அசந்துட்டேன். கண்ணாடி போடாமத்தான் பாத்தேன், ஆனாலும் புரிஞ்சுது. நம்ம வீடு பச்சைக் கலரு. பெரிய தாத்தா வீடு செவப்புக் கலரு. ஒரே லைன் வீடு, ஒரே தங்கச் சுரங்கக் கம்பெனி, ஒரே வயித்துல பொறந்த அண்ணன் தம்பி. இந்த வீட்டுப் பேரன் நீ, கார் வாங்க லோன் பாக்கற. அந்த வீட்டுப் பேரன், உன் பங்காளி, பெங்களூர்ல அபார்ட்மெண்ட்டுக்கு அபார்ட்மெண்ட் போய் கிரானைட் அறுக்கறான். ஏன் இப்படின்னு கேட்டா, “அவங்களுக்கு சேமிப்புப் பழக்கமே இல்ல தாத்தா, மாசம் ஐந்நூறு ரூபா எஸ்.ஐ.பி. போட்டிருந்தா இன்னிக்கு எங்கயோ இருந்திருப்பாங்க”ன்னு தீர்ப்பு எழுதிட்ட.

நல்ல தீர்ப்பு. ஜட்ஜு ஐயாவுக்கு இன்னும் மீசையே சரியா மொளைக்கல, அது ஒண்ணுதான் குறை.

நான் ஒர்க்‌ஷாப்புல ஸ்பானர் புடிச்சவன். எம்.பி.ஏ. படிச்சவனுக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லதான். ஆனா அருகதை இருக்கறவன்தான் புத்தி சொல்லணும்னு சட்டம் வந்தா நாட்டுல பாதி டிவிக்காரன் கடையைச் சாத்திடுவான். அதனால நானும் சொல்றேன். உன் கம்பெனில இதுக்குக் கன்சல்டிங்னு பில்லு போடுவாங்க. நான் ஒரு வெத்தலைப் பாக்குக்கு விட்டுடறேன்.

மொத புத்தி. பணம் சேக்கணும்னு நெனைக்கறவன் முதல்ல பாட்டனைப் பாத்துப் பொறக்கணும். நீ அந்த விஷயத்துல கெட்டிக்காரன். எப்படின்னு சொல்றேன்.

1960-கள்ல எங்கண்ணனும் நானும் ஒரே நாள்ல கம்பெனி வேலைக்குப் போய் நின்னோம். அண்ணனுக்கு நெஞ்சு கோயில் கதவு மாதிரி. டேப்பு வெச்சு அளந்தவரு வாயெல்லாம் பல்லாகி, அண்டர்கிரவுண்டுன்னு எழுதினாரு. அடுத்து நான். டேப்பு ஒரு சுத்து சுத்தி, மிச்சம் முழங்கால் வரைக்கும் தொங்குச்சு. “மூச்சை இழுடா”ன்னாரு. இழுத்தேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, “இழுக்கச் சொன்னேனே, இன்னும் இழுக்கலையா?”ன்னாரு. இழுத்ததே அவ்வளவுதான். மேல்வேலைன்னு எழுதித் தள்ளிட்டாங்க. லைன் பூரா சிரிச்சுது. சுரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கறவன்தான் ஆம்பளை, கூலியும் அவனுக்குத்தான் கூட. மேல்வேலைக்காரனுக்குப் பொண்ணு கேட்டுப் போனா, தண்ணி குடுத்து அனுப்பிடுவாங்க, காபி வராது.

அப்போ ஞாயித்துக்கிழமையானா அண்ணன் வீட்டுல ஆட்டுக்கறி கொதிக்கும். என் வீட்டுல கருவாடு வேகும், கருவாட்டு வாசனையைக் கறி வாசனை அமுக்கிடும். அண்ணன்தான் முதல்ல ரேடியோ வாங்கினான். சீட்டு போட்டவன் அவன், சீட்டு எடுத்தவன் நான். சேமிப்புப் பழக்கம் இல்லைன்னியே, அண்ணிகிட்ட அரிசி டப்பா, பருப்பு டப்பான்னு டப்பாவுக்கு ஒரு சேமிப்பு இருந்துச்சு. அன்னிக்கு உன் லேப்டாப்பு வந்திருந்தா அவங்க வீடுதான் பச்சை. நான் செவப்பு. செவப்புன்னா சாதாரணச் செவப்பு இல்ல, செங்கொடிச் செவப்பு.

ரெண்டாவது புத்தி. எதுல முதல் போடறோம்னு தெரிஞ்சு போடணும். அண்ணன் முதலாப் போட்டது அவன் நெஞ்சை. நம்ம ஊர்ல தங்கம் ஆத்து மணல்ல மினுக்கறது இல்ல, வெள்ளைப் படிகக் கல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கறது. அதைத் துளைச்சு, வெடி வெச்சு, ஒடைச்சு, மாவா அரைச்சாத்தான் வெளிய வரும். துளைக்கும்போது பறக்கற தூசியில கண்ணுக்குத் தெரியறது யோக்கியமான தூசி, மூக்குல நின்னுடும். கெடுதல் பண்றது தெரியாத தூசி. ஒரு மில்லிமீட்டரை எரநூறாப் பிரிச்சா வர்ற பங்கு இருக்கே, அந்த அளவும் அதுக்குக் கீழயும் இருக்கறது நேரா நுரையீரல் அடி வரைக்கும் போய்க் குந்திக்கும். வாடகை குடுக்காது, காலியும் பண்ணாது. அது குந்தின எடமெல்லாம் தழும்பாகி, நுரையீரல் விரியறதை விட்டுடும். சிலிகோசிஸ்னு பேரு. அதைத் திருப்பி எடுக்க மருந்து கிடையாது. வேலையை விட்டு வந்தப்புறமும் உள்ள வளந்துகிட்டே இருக்கும். பத்து இருவது வருஷம் சத்தமே போடாம இருந்துட்டு, புள்ளைங்க பெரிய கிளாஸ் போற நேரமாப் பாத்து இருமலா வெளிய வரும். அந்த விஷயத்துல அதுக்கு நல்ல நேரக் கணக்கு.

நம்ம ஊரு கன்னட சினிமா, தமிழ் சினிமா ரெண்டுலயும் பேரு வாங்கிடுச்சுன்னு பெருமைப்படற. 2018-ல கே.ஜி.எஃப். படம் வந்தப்புறம் எவன் எவனோ சுரங்கத்து மண்ணைக் கொட்டின சயனைடு மேட்டு மேல ஏறிப் போட்டோ எடுக்கறான். ஆனா டாக்டருக்குப் படிக்கிற பசங்க புத்தகத்துல நம்ம ஊரு பேரு ரொம்ப நாளா இருக்கு, தெரியுமா? தங்கத்துக்காக இல்ல. 1940-லேருந்து 46 வரைக்கும் கோலார் தங்கச் சுரங்கத்துல 7,653 தொழிலாளிங்களைச் சோதிச்சதுல நூத்துக்கு 43.7 பேருக்கு இந்த சிலிகோசிஸ் இருந்துச்சாம். அது எங்கப்பன் காலத்துக் கணக்கு. அஞ்சு பேரு வரிசையா நின்னா ரெண்டு பேருக்கு மேல. இதை நீ உன் கட்டத்துல எந்தக் கலர்ல போட்ட?

இன்னொரு வேடிக்கை கேளு. 1965-ல சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள்ள பம்பாய் டாடா இன்ஸ்டிடியூட்டுக்காரங்க, ஜப்பான்லேருந்து ஒசாகாக்காரங்க, இங்கிலாந்துலேருந்து டர்ஹாம்காரங்க எல்லாரும் சேந்து எறங்கி ஒரு துகளைப் புடிச்சாங்க. நியூட்ரினோ. வானத்துலேருந்து வந்து பூமிக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் போயிடும், யாரையும் தொடாது, யாரையும் கெடுக்காது. அத்தனை சாதுவான ஒண்ணை ரெண்டு கிலோமீட்டருக்கும் கீழ மிஷின் வெச்சுக் காத்திருந்து புடிச்சாங்க. உலகமே கை தட்டுச்சு, நானும்தான் தட்டினேன். பக்கத்துல துளை போட்டுக்கிட்டிருந்த எங்கண்ணன் நெஞ்சுல குந்தியிருந்த துகளைப் புடிக்க ஒரு எக்ஸ்ரே போதும். அதுக்கு ஒசாகாலேருந்து ஆள் வரவேண்டாம்.

அந்தக் காலத்துப் பெரிய மனுஷங்க ஒரு பேச்சு வெச்சிருந்தாங்க: “சுரங்கத்துக்காரன் ஏன் முன்னேறல? தண்ணி அடிச்சே கெட்டான்.” இல்லைன்னு சொல்லமாட்டேன். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழ போகுது, அங்க பாறையோட சூடே 60 டிகிரிக்கு மேல. அங்கேருந்து மேல வந்தவன் துளசி தீர்த்தம் கேக்கமாட்டான். ஆனா ஒண்ணு. மனுஷன் அடிச்ச தண்ணியை எண்ணினவங்க, துளை போடற கல்லு மேல ஒழுங்கா தண்ணி அடிச்சாங்களான்னு எண்ணல. தண்ணி விட்டுத் துளைச்சா தூசி அடங்கும்னு எல்லாருக்கும் தெரியும். தண்ணி வர்ற அன்னிக்கும் துளை எண்ணிக்கைதான் கணக்கு, வராத அன்னிக்கும் துளை எண்ணிக்கைதான் கணக்கு.

மூணாவது புத்தி. குடும்பத்துல வியாதி வந்தா பணம் எப்படிப் போகுதுன்னு நீ காலேஜுல படிச்சிருப்ப, நான் எதிர்த் திண்ணையில குந்திப் பாத்தேன். ஒரு நாளும் அது வாசல் வழியாப் போகாது. அண்ணனுக்கு நாப்பது வயசு வாக்குல இருமல் வந்துச்சு. டி.பி.ன்னாங்க. மாத்திரை தின்னான். இருமல் போகல, மாத்திரை தீந்துச்சு, மறுபடி டி.பி.ன்னாங்க. பொதுக் குழாய்லேருந்து ஒரு கொடம் தண்ணி தூக்கிட்டு வர, வழியில யார் வீட்டுத் திண்ணையிலயாவது குந்தி, ஏதோ பேச வந்தவன் மாதிரி பேச்சு குடுப்பான். மூச்சு வாங்கறதை மறைக்கத்தான் அந்தப் பேச்சு. ராத்திரி படுக்க மாட்டான். செவுத்துல சாஞ்சு, மடியில தலைகாணி வெச்சு, அது மேல கவுந்துக்கிட்டே தூங்குவான். பத்துக்குப் பத்து வீட்டுல அவன் குந்தியிருக்க, அவன் காலுக்கு அந்தாண்ட புள்ளைங்க சிம்னி வெளிச்சத்துல படிப்பாங்க. அவன் இருமினா வெளக்கு ஆடும். வாய்ப்பாடு பதினாறு தாண்டறதுக்குள்ள எத்தனை வாட்டி ஆடியிருக்கும்னு நெனைச்சுக்க.

கனவேலை முடியலைன்னு லேசான வேலைக்கு மாத்தினாங்க. வேலை லேசாச்சு, கூலியும் லேசாச்சு. முதல்ல போனது ரேடியோ. அப்புறம் அண்ணியோட கம்மல் அடகுக் கடைக்குப் போச்சு. பேராண்டி, நம்ம மண்ணுலேருந்து நூத்து இருவது வருஷத்துல 800 டன்னுக்கு மேல தங்கம் எடுத்தாங்கன்னு சொல்றாங்க. அதுல அரை சவரன் அண்ணி காதுக்கு வந்துச்சு, அதுவும் திரும்பிப் போயிடுச்சு. கம்மல் போன எடத்துல வேப்பங்குச்சி சொருகிக்கிட்டு ஊதுபத்தி உருட்டக் குந்தினாங்க.

அதுக்கப்புறம் அண்ணனோட மூத்த புள்ளை, பெரியவன். கணக்குல புலி. அவன் மார்க்கு ஷீட்டாலயே உன் அப்பன் ரெண்டு நாள் என்கிட்ட அடி வாங்கியிருக்கான். பெரியவன் ஒன்பதாவதுல புத்தகத்தை மூடிட்டு, அப்பன் விட்ட எடத்துல கேஜ்ல எறங்கினான். பொண்ணை, பதினெட்டு முடிஞ்சுதா இல்லையான்னு ஒருத்தரும் சரியா எண்ணிப் பாக்காம, கட்டிக் குடுத்துட்டாங்க. ஒரு வாய் கொறையும்னு. சின்னவன் மட்டும் பத்தாவது தாண்டினான், அண்ணன்காரன் கூலியில. நீ ஒரே தலைமுறைன்னு ஒரு கோடு போட்டிருக்க. ஒரே வீட்டுக்குள்ள மூத்ததுக்கு ஒரு தலையெழுத்து, கடைசிக்கு ஒரு தலையெழுத்து. இனிமே பொறக்கறவங்ககிட்ட சொல்லி வை, வரும்போது கடைசியா வரச் சொல்லி.

நஷ்ட ஈடு வாங்கலையான்னு கேப்ப. சிலிகோசிஸ் தொழில்நோய்னு நஷ்ட ஈட்டுச் சட்டத்துல பட்டியல்லயே இருக்கு. டாக்டருங்க குந்தி நெஞ்சை நூறாப் பிரிச்சு, எத்தனை பங்கு போச்சுன்னு மார்க்கு போடுவாங்க. அந்த மார்க்குக்கு ஏத்த பணம். பள்ளிக்கூடத்துல மார்க்கு கூடினா லட்டு குடுப்போம், இங்க மார்க்கு கூடினவன் வீட்டுல அழுவாங்க. குறைஞ்சவன் வீட்டுலயும் அழுவாங்க, பணம் கம்மியாச்சேன்னு. இருக்கட்டும், அந்தக் கணக்கு மனுஷனோட சம்பாதிக்கற சக்தி எவ்வளவு போச்சுன்னு மட்டும்தான் அளக்கும். பெரியவனோட பத்தாம் வகுப்பு எந்தப் பங்குல வரும்? பொண்ணோட சின்ன வயசு எந்தப் பங்குல வரும்? அண்ணியோட முதுகு? அதுக்கெல்லாம் அந்த பாரத்துல கட்டமே கிடையாது. உன் லேப்டாப்புலயும் கிடையாது, அதனால நீ வெக்கப்பட வேண்டாம். பெரிய பெரிய சர்க்காரே விட்ட எடம் அது.

இதெல்லாம் கெழவன் பொலம்பல்னு நெனைக்காத. பிரிட்டன்ல 1958 மார்ச் மாசம் ஒரு வாரத்துல பொறந்த சுமார் 17,000 கொழந்தைங்களை, பெரியவங்களாகி நரை விழற வரைக்கும் விடாம கணக்கெடுத்துக்கிட்டே வந்தாங்களாம். சின்ன வயசுல ஒடம்பு சரியில்லாம இருந்த புள்ளை படிப்புலயும் பின்னாடி, வளந்தப்புறம் ஒடம்புலயும் பின்னாடி, வேலை அந்தஸ்துலயும் பின்னாடின்னு அந்தக் கணக்கை வெச்சு 2005-ல ஒரு கட்டுரை எழுதினாங்க. நம்ம நாட்டுலயே அனிருத் கிருஷ்ணான்னு ஒரு புரொஃபஸர் ராஜஸ்தான், குஜராத், ஆந்திரான்னு ஊர் ஊராப் போய், நல்லாயிருந்த குடும்பம் எதனால ஏழையாச்சுன்னு ஒவ்வொரு வீடா கேட்டிருக்காரு. எல்லாத்தையும் விட அதிகமா வந்த பதில் வியாதியும் வைத்தியச் செலவும். கூடவே வட்டிக் கடன், கல்யாணம், கருமாதி. சோம்பேறித்தனமும் குடியும் பட்டியல்ல எங்கயோ கடைசியில முகம் காட்டுச்சாம். பாவம் அந்த மனுஷன், அத்தனை ஊர் அலைஞ்சிருக்காரு. நம்ம லைனுக்கு வந்திருந்தா ஒரு டீக்கு முடிஞ்சிருக்கும்.

இப்ப நம்ம பச்சை வீட்டுக் கதைக்கு வா. அந்த வருஷங்கள்ல நான் என்ன சாதிச்சேன்னு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. எனக்கு ஒண்ணும் வரல, உன் பாட்டிக்கு ஒண்ணும் வரல, கம்மல் காதுலயே இருந்துச்சு. ஸ்பானர் புடிச்சேன், சம்பளம் வாங்கினேன், தூங்கினேன். படுத்தே தூங்கினேன். அந்த ஒண்ணுமில்லாததுலதான் உன் அப்பன் நாலு வாட்டி பெயிலாகியும் அஞ்சாவது வாட்டி டிப்ளமா எழுதினான். பெயிலாகறதுக்கும் வசதி வேணும்டா கண்ணு. பெரியவன் ஒரு வாட்டிகூட பெயிலாகல, பாஸாகியும் நின்னுட்டான். உன் அப்பன் டிப்ளமா முடிச்சு பெமல் ஃபேக்டரில வேலைக்கு ஏறினான், நீ இங்கிலீஷ் மீடியம் போன, இன்னிக்கு எனக்கு எஸ்.ஐ.பி. சொல்லிக் குடுக்கற. உன் சம்பளத்துக்கெல்லாம் மூலதனம் என்னன்னு கேட்டா, டேப்புக்குப் பத்தாத என்னோட சூம்பின நெஞ்சு. திறமைன்னு நீ சொல்லிக்கோ, நான் மறுக்கலை. ஆபீசுல அப்படித்தான் சொல்லணும்.

2001 பிப்ரவரி 28. சுரங்கத்தை மூடினாங்க. மூவாயிரத்துச் சொச்சம் குடும்பத்துக்கு வேலை போச்சு. வேலையோட, கம்பெனி ஆஸ்பத்திரின்னு ஒண்ணு இருந்துச்சே, அந்த ஆதரவும் போச்சு. வியாதிக்காரனுக்கு எப்ப வைத்தியம் தேவைப்படுதோ அப்பப் பாத்து பூட்டு. சங்கு நின்னுடுச்சு, நெஞ்சுல ஊதற சீட்டி நிக்கல. அண்ணன் அதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டான். அவன் எடத்துல எறங்கின பெரியவனுக்கு மூடுவிழாப் பணம் வந்துச்சு, எனக்கும் வந்துச்சு. எனக்கு வந்தது போஸ்ட் ஆபீசுக்குப் போச்சு. அவனுக்கு வந்தது அப்பன் இருமின கடனுக்குப் போச்சு. அதுல மிச்சம் இருந்தா ஒரு கடை வெக்கலாம்னு நெனைச்சிருந்தான். மிச்சம் ஒரு சைக்கிள்.

அப்புறம் அவனும் எல்லாரையும் மாதிரி விடியக்காலம் வண்டியில பெங்களூருக்கு. போக ரெண்டு ரெண்டரை மணி நேரம், வர அதே. புள்ளை முழிக்கறதுக்கு முன்னாடி கெளம்பி, புள்ளை தூங்கினப்புறம் வர்ற அப்பன்கிட்ட ஹோம்ஒர்க் பாக்கலையான்னு டீச்சர் கேட்டா என்ன சொல்வான்? அந்தப் புள்ளைதான் உன் பங்காளி. நீ செவப்புக் கலர் அடிச்சவன்.

நாலாவது புத்தி, இதுக்குத்தான் இத்தனை நேரம் வெத்தலை மென்னேன். அவன் அறுக்கறது கிரானைட். அதுவும் அதே சாதிக் கல்லுதான், உள்ள படிகம் இருக்கு. நீ வாங்கப் போற பிளாட்டுல அடுப்படி மேடை பளபளன்னு இருக்கும் பாரு, அதை இவனை மாதிரி ஒருத்தன் தண்ணி விடாம மிஷின்ல அறுத்திருப்பான், கைக்குட்டையை மூக்குல கட்டிக்கிட்டு. கைக்குட்டை மூக்குக்கு மரியாதை, தூசிக்குத் தடை இல்ல. எங்கண்ணன் பேரன், மறுபடியும் அதே தூசி. இந்த வாட்டி 3 கிலோமீட்டர் கீழ போகவேண்டியதில்ல, லிஃப்ட்டுல மேல போய் வாங்கிக்கறான். முன்னேற்றம்தான்.

அவன்கிட்ட போய் மாசம் ஐந்நூறு பேசாத. தண்ணி விட்டு அறுக்கற மிஷின் பத்திப் பேசு. தூசியை வடிகட்டற சரியான மாஸ்க் ரெண்டு வாங்கிக் குடு. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாரு, டாக்டர்கிட்ட என்ன வேலைன்னு அவனையே வாய் தொறந்து சொல்ல வை, இல்லைன்னா மறுபடி டி.பி. மாத்திரைதான். ஆயுஷ்மான் கார்டு இருக்கான்னு கேளு. நாட்டுல வைத்தியச் செலவுல சனங்க கையிலேருந்து குடுக்கறது 2013-14-ல நூத்துக்கு 64 ரூபாயா இருந்துச்சு, 2021-22-ல 39 ரூபான்னு சர்க்கார் கணக்கு சொல்லுது. கொறைஞ்சிருக்கு, நல்லதுதான். அந்த 39 எவன் கையிலேருந்து போகுதுன்னு மட்டும் பாத்துக்க. ராஜஸ்தான்ல 2019-ல கல்லுத் தூசி வியாதிக்காரங்களுக்குன்னே தனியா ஒரு கொள்கை போட்டு, பணமும் பென்ஷனும் குடுக்கறாங்க. நூறு வருஷத்துக்கு மேல தூசி தின்ன ஊருக்கு அது ஏன் இல்லைன்னு எவனாவது கேக்கணுமில்ல?

அவன் மூத்த பொண்ணு எட்டாவது படிக்கறா. அவ ஃபீஸை நீ கட்டு. எத்தனை பர்சென்ட் லாபம்னு கேப்ப, உன் பழக்கம் அது. நம்ம பெரியவனோட கணக்குப் பரீட்சை மார்க்கை வெச்சு நீயே கூட்டிப் பாத்துக்க.

கடைசியா ஒண்ணு. அதோ தெரியுதே சயனைடு மேடு. அரைச்சுப் போட்ட மண்ணு, 13 மேடு, மூணு கோடி டன்னுக்கு மேல. ஆடி மாசம் காத்தடிச்சா நம்ம சோத்துல வந்து விழுதே, அதேதான். அதுல இன்னும் தங்கம் மிச்சம் இருக்காம். அதைத் திரும்பக் கிளறி எடுக்கலாம்னு 2024-ல கர்நாடக மந்திரிசபை சம்மதம் சொல்லிடுச்சு. ஊரே டன்னுக்கு எத்தனை கிராம்னு பேசுது. ஆள் எடுக்கறாங்கன்னு ஒரு சீட்டு ஒட்டினா நம்ம லைன் பசங்கதான் முதல் வரிசையில நிப்பாங்க, சம்பளம் எவ்வளவுன்னு மட்டும்தான் கேப்பாங்க. அவங்க நெலமையில நானும் அதைத்தான் கேப்பேன்.

அன்னிக்கு நீ ஒரு நாள் லீவு போட்டுட்டு வா. தூசிக்கு என்ன ஏற்பாடு, வருஷா வருஷம் எக்ஸ்ரே யாரு செலவு, பத்து வருஷம் கழிச்சு இருமினா எந்தக் கதவைத் தட்டறது, இந்த மூணையும் எழுத்துல கேளு. டை கட்டிக்கிட்டு வா, இங்கிலீஷ்ல கேளு. தமிழ்ல நாங்க கேட்டுப் பாத்துட்டோம்.